சென்னைச் சிவப்பும் புண்ணாக்கும்

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு வழியாகத் திருவள்ளூர் போகும் சாலையில், அறுவடை முடிந்த நாட்களில், அடுக்குமாடிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் வயல்களில் செம்மறிகள் மேயும். செங்கல் நிறம், அல்லது அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த பழுப்பு. சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளைத் திட்டு. கிடாவுக்கு முறுக்கேறிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. சென்னைச் சிவப்பு என்று பெயரிலேயே ஊரைச் சுமக்கும் இந்த இனத்தின் தாயகம் சென்னையும் அதைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும்தான். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுவதற்கு முன்பே இந்த ஏரிக்கரைகள் இவற்றின் மேய்ச்சல் நிலம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து மேம்படுத்தி வருகிறது.

செம்மறி என்றதும் கம்பளி நினைவுக்கு வரலாம். இந்த ஆட்டுக்குக் கம்பளி இல்லை. உடலை ஒட்டிய குட்டை ரோமம் மட்டுமே. யாரும் கத்தரிப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. ஆனாலும் சந்தைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ரோமம் படிந்து மினுமினுத்தால் கை முதுகெலும்பைத் தடவிச் சதையை அளக்கப் போகும். பரட்டையாக, நிறம் வெளுத்து நின்றால் விலை அங்கேயே இறங்கிவிடும். விலைபோகாத ஒரு பொருள் ஆட்டின் விலையை எப்படித் தீர்மானிக்கிறது? அந்த ரோமம் எதனால் ஆனது என்று பார்த்தால் வாங்குகிறவரின் கண் எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்பது தெரியும். எந்த இடத்தில் ஏமாறுகிறது என்பதும் தெரியும்.

ரோமத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ முழுவதும் கெரட்டின் என்னும் புரதம். நம் தலைமுடி, நகம், ஆட்டின் கொம்பு, குளம்பு எல்லாம் இந்தக் குடும்பம்தான். இறைச்சியின் புரதத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது கந்தகம். கம்பளி இழையின் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கந்தகமே இருக்கும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதைக் கொண்டுவருகிறது. பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளிலுள்ள சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்துதான் இழைக்கு வலு வருகிறது. முடி தீயும்போது எழும் நாற்றத்தில் பெரும்பங்கு அந்தக் கந்தகத்தினுடையது. மெத்தியோனின் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலத்திலிருந்து உடல் சிஸ்டீனைச் செய்துகொள்ளும். மெத்தியோனினை மட்டும் ஆட்டின் உடல் தானே செய்துகொள்ள முடியாது. அது உணவிலிருந்து வரவேண்டும், அல்லது ஆட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கவேண்டும்.

ரோமத்துக்காகச் செலவாகும் புரதம் சென்னைச் சிவப்பில் மிகக் குறைவு. ஆஸ்திரேலிய மெரினோ ஆண்டுக்கு நான்கைந்து கிலோ கம்பளி தருகிறது. அதற்காக நாள்தோறும் பத்துக் கிராமுக்குக் குறையாமல் புரதத்தை இழையாக்குகிறது. நம் ஆடு வளரும் பருவத்தில் தன் புரதத்தைச் சதையில்தான் போடுகிறது. சதையில் முக்கால் பங்கு நீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஒரு குட்டி நாளைக்கு 100 கிராம் எடை கூடினால் உடலில் சேரும் புரதம் 20 கிராமுக்கும் குறைவு. அந்தக் கொஞ்சத்தைச் சேர்க்க அதைப் போலப் பல மடங்கு புரதம் தீவனத்தில் போகவேண்டியிருக்கிறது.

ரோமக் கால்களின் அடியில் இருக்கும் செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரிபவை. பட்டினி வந்ததும் அந்த வேகம் தடுமாறுகிறது. இழை மெலிகிறது, உதிர வேண்டிய பழைய முடி உதிராமல் தங்கிப் பரட்டையாகிறது, தோலின் எண்ணெய்ப் பசை குறைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933இல் விவரித்த குவாஷியோர்கர் நோயிலும் குழந்தைகளின் முடி செம்பட்டையாகி மெலிந்துபோகும். நல்ல உணவும் பஞ்சமும் மாறிமாறி வந்த குழந்தையின் முடியில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். மெரினோவிலும் இதுவே நடக்கிறது. வறட்சி மாதத்தில் வளர்ந்த பகுதி நூலாக மெலிந்திருக்கும்; நூற்கும்போது சரியாக அந்த இடத்தில் அறுபடும்.

தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி உயிரற்றது. இன்று ஊட்டுகிற புண்ணாக்கு ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடியை எதுவும் செய்யாது. சந்தையில் மினுமினுக்கும் ஆடு பல வாரங்களுக்கு முன் தின்றதைக் காட்டுகிறது. பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்பு அவசரமாகப் புண்ணாக்கு வைப்பவர் எடையில் கொஞ்சம் பெறலாம்; ரோமத்தில் எதையும் பெறமாட்டார்.

இனி அந்தப் புண்ணாக்கு வயிற்றுக்குள் என்ன ஆகிறது என்று பார்ப்போம். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளைப் பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு புரதம். ஆடு அதைத் தின்றதும் அந்தப் புரதம் நேராக இரத்தத்துக்குப் போவதாக நினைக்கிறோம். முதலில் அது அசையூண் வயிற்றுக்குப் போகிறது. இட்லி மாவு புளிப்பதைப் போல அங்கே ஓயாமல் நொதித்தல் நடக்கிறது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் வந்து விழுவதையெல்லாம் முதலில் தாமே தின்கின்றன. கடலைப் புண்ணாக்கின் புரதம் எளிதில் கரைவதால் அதில் பெரும்பங்கை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடுகின்றன. பிறகு அந்த அம்மோனியாவைக் கொண்டு தம் உடலைக் கட்டுகின்றன. கட்டுவதற்குச் சக்தி வேண்டும். மாவுச்சத்தோ நல்ல நார்ச்சத்தோ அதே நேரத்தில் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் மிஞ்சும் அம்மோனியா இரத்தம் வழியாக ஈரலுக்குப் போய் யூரியாவாகி, ஒரு பகுதி உமிழ்நீரோடு திரும்ப வயிற்றுக்கு வந்தாலும், பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. வெறும் வைக்கோலோடு கைநிறையப் புண்ணாக்கு வைப்பவரின் காசு தரையில் கொட்டுகிறது. அரிசித் தவிடோ உடைத்த மக்காச்சோளமோ கொஞ்சம் சேர்த்தால் அதே புண்ணாக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும்.

ஆடு உண்மையில் வாழ்வது குடலுக்கு வழுகிப் போகும் அந்த நுண்ணுயிர்களின் உடலைச் செரித்துத்தான். ஆகவே தீவனத்தில் புரதம் இல்லையென்றால் முதலில் பட்டினி கிடப்பவை அவை. மொத்தத் தீவனத்தின் உலர்ந்த எடையில் புரதம் நூற்றுக்கு ஏழுக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் தளர்ந்து நார் செரிப்பது மந்தமாகிறது, ஆடு தின்பதும் குறைகிறது. நெல் வைக்கோலில் புரதம் மூன்று, நான்குதான். முன்னால் வைக்கோல் குவிந்திருந்தும் ஆடு மெலிவதற்குக் காரணம் இதுவே. 25 கிலோ பெட்டை ஆடு நாளைக்குத் தின்பது ஏறத்தாழ 750 கிராம் உலர் தீவனம். அதில் உயிரோடு இருக்க மட்டும் 50 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். குட்டி ஈன, பால் கொடுக்க, வளர அதற்கும் மேலே.

இந்த வைக்கோல் குறையைத் தீர்க்க இந்தியாவில் பரவலாகச் சொல்லிக்கொடுத்த முறை, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைப்பது. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா வைக்கோலின் கடினமான நாரையும் இளக்குகிறது, நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனையும் கொடுக்கிறது. அதே யூரியாவைக் கரைத்து நேராகக் கொடுத்தால் ஆடு நஞ்சேறிச் சாகும். அசையூண் வயிறு வளராத குட்டிக்கு அது எந்த வடிவிலும் ஆகாது. தீவன மூட்டையில் ‘கச்சாப் புரதம்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்கவேண்டும். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறைப்படி, தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவதுதான் அந்த எண். நைட்ரஜன் பருப்பிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது. ஒரு கிலோ யூரியா இந்தக் கணக்கில் ஏறத்தாழ 2.9 கிலோ ‘புரதம்’!

நுண்ணுயிர்கள் இடையில் நின்று எல்லாவற்றையும் தின்கின்றன என்றால், ரோமத்துக்குத் தேவையான கந்தக அமினோ அமிலங்களை ஆட்டுக்கு எப்படிச் சேர்ப்பது? ஆஸ்திரேலியாவில் ரெய்ஸ், ஷிங்கல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1963இல் வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்கு விடை தந்தது. சிஸ்டீனையும் மெத்தியோனினையும் வாய் வழியாகக் கொடுக்காமல், நொதிக்கும் அறையைத் தாண்டி, ஆட்டின் நான்காவது வயிற்றுக்குள் குழாய் வழியே செலுத்தினார்கள். கம்பளி வேகமாக வளர்ந்தது; இழையில் கந்தகமும் கூடியது. 1967இல் பெர்குசன், ஹெம்ஸ்லி, ரெய்ஸ் மூவரும் குழாய் இல்லாமலே அதைச் செய்தார்கள். பால் புரதமான கேசீனை ஃபார்மலினால் பக்குவப்படுத்தினால் நுண்ணுயிர்களால் அதை உடைக்க முடியவில்லை. கீழே அமிலம் சுரக்கும் வயிற்றில் பிணைப்பு அவிழ்ந்து புரதம் முழுசாகக் கிடைத்தது. கம்பளி மீண்டும் கூடியது. நம் பால் பண்ணைகளில் ‘பைபாஸ் புரதம்’ என்று விற்கும் தீவனம் இந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததே.

சென்னைச் சிவப்பு வளர்ப்பவர் அந்த மூட்டையைத் தேடி அலைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கம்பளி விற்காத ஆட்டுக்கு அவ்வளவு நுட்பமான ஊட்டம் கட்டுபடியாகாது. நம் வேல மர இலைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்பு, அதாவது டானின், அளவாக இருக்கும்போது இதே வேலையில் கொஞ்சத்தைச் செய்கிறது. புரதத்தைப் பற்றிக்கொண்டு அசையூண் வயிற்றில் உடைபடாமல் காக்கிறது. அளவு மீறினால் செரிமானத்தையே கெடுக்கும். புண்ணாக்கிலும் தேர்ந்தெடுக்க வழியுண்டு. கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைவு. இரண்டையும் கலந்து வைப்பது நல்ல பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கை மட்டும் ஆட்டுக்குக் காட்டவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அப்லாடாக்சின் என்ற பெயர் அப்போது பிறந்ததே. கொல்லாத அளவிலும் அது ஈரலைக் கெடுத்து வளர்ச்சியைத் தடுக்கும்.

சவுண்டல் மரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சூபாபுல், கூபாபுல் என்றும் அழைப்பார்கள். 1970, 80களில் சமூகக் காடு வளர்ப்பில் நாடெங்கும் பரவிய மரம். புறநகரில் காலிமனைகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக முளைத்து நிற்கிறது. இலையின் உலர்ந்த எடையில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல்; காசில்லாமல் கிடைக்கும் புண்ணாக்கு. ஆனால் அதை மட்டுமே தின்ற ஆட்டுக்கு முடி கொட்டும். குதிரைக்குப் பிடரியும் வாலும் உதிரும். அதிகப் புரதம் தரும் இலையே ரோமத்தை அழிக்கிறது!

காரணம் மிமோசின் என்ற அமினோ அமிலம். உருவத்தில் டைரோசினைப் போல இருக்கும் இது புரதம் கட்ட உதவாது. ரோமக் காலின் செல்கள் பிரிவதை நிறுத்திவிடும். ஓரிரு நாள் நின்றாலே இழையில் ஓர் இடம் மெலிந்து, பிறகு அங்கே அறுந்துபோகும். ஆஸ்திரேலியர்கள் 1970களில் இதைப் பயனாக்கப் பார்த்தார்கள். மிமோசினை இரத்தத்தில் செலுத்தினால் சில நாளில் கம்பளியைக் கத்தரி இல்லாமல் கையாலேயே உரித்தெடுக்க முடிந்தது. அசையூண் வயிற்றிலோ மிமோசின் வேறொரு பொருளாக மாறித் தைராய்டைத் தாக்குகிறது. ஆடு மந்தமாகி வளர்ச்சி நின்றுபோகிறது. அப்படியிருக்க, ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் இந்த இலையைத் தாராளமாகத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், அவற்றின் வயிற்றில் இந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருக்கவேண்டும் என்று ஊகித்து, 1980களில் அதை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றிக் காட்டினார். ஊகம் சரியானது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். புரதத்தின் கணக்கை வெறும் சதவீதத்தில் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒரே இலை ஒரு வயிற்றில் ஊட்டம், இன்னொரு வயிற்றில் நஞ்சு. நம் ஆட்டுக்குச் சவுண்டலை மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், அகத்தி, கிளைரிசிடியா, வேம்புத் தழையோடு மாற்றிமாற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு.

மேய்ச்சல் சுருங்கிய புறநகரில் கால்நடை வைத்திருப்பவர்களின் கண் கோயம்பேடு சந்தைக் கழிவின்மேல் விழுவது இயல்பு. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இலைகளில் உலர்ந்த கணக்கில் நல்ல புரதம் உண்டு. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வாரக்கணக்கில் அதையே தின்றால் அதிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு அதைவிட ஆபத்து. புரதமும் சொற்பம், மாவுச்சத்து ஒரேயடியாக நொதித்து வயிறு அமிலமாகி ஒரே இரவில் ஆடு செத்துவிடும்.

ரோமம் பரட்டையாக இருந்தால் உடனே புண்ணாக்கைக் கூட்டுவது எல்லா நேரமும் சரியல்ல. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரியோரப் பசும்புல்லில் மேய்ந்த ஆட்டைப் பாருங்கள். வயிறு நிறைந்திருக்கும், முடி மங்கியிருக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். நான்காவது வயிற்றில் ஹீமான்கஸ் என்னும் புழு ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஐயாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். இரத்தத்தோடு அதன் அல்புமின் புரதமும் போவதால்தான் நீர் குழாயை விட்டு வெளியே கசிந்து தாடையில் தேங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற வண்ண அட்டை, கீழ் இமையை இழுத்து உட்புறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஒப்பிட்டு எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று சொல்கிறது. நம் சந்தைகளில் அனுபவசாலிகள் அட்டை இல்லாமலே இமையைப் பார்க்கிறார்கள். புழு இருக்கும் ஆட்டுக்குப் புண்ணாக்கு மட்டும் வைப்பது புழுவுக்கு வைப்பதாகும். ஆனால் மருந்து கொடுத்தபின் நல்ல புரதம் பெற்ற ஆடு அடுத்த தொற்றைத் தாங்குகிறது. எதிர்ப்புச் சக்தியும் புரதத்தால்தான் கட்டப்படுகிறது.

தாதுக்களையும் விடமுடியாது. ஆவடிக்கு அப்பால் ஆலமாதியில் மத்திய அரசின் கால்நடைப் பண்ணை முர்ரா எருமைகளை வளர்க்கிறது. முர்ராவின் அழகு அந்தக் கருமைதான். தீவனத்தில் தாமிரம் குறைந்தால் எருமை, மாடுகளின் கறுப்பு முடி துருப்பிடித்தாற்போல் செம்பட்டையாகும். நிறமி செய்யும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். கெரட்டினின் கந்தகப் பிணைப்பு சரியாக விழுவதற்கும் வேண்டும். புரதம் நிறைய இருந்தும் தாமிரமும் துத்தநாகமும் இல்லையென்றால் ரோமம் ரோமமாகாது. செம்மறிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தாமிரம் மிஞ்சினால் ஆடு அதை ஈரலில் சேர்த்து வைத்துச் சாகும். மாட்டுக்கு விற்கும் தாது உப்புக் கலவையை ஆட்டுக்கு அப்படியே போடக்கூடாது.

கையில் காசு குறைவாக இருக்கும்போது புண்ணாக்கை எப்போது வைப்பது என்ற கேள்விதான் வளர்ப்பவருக்கு முக்கியம். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கருக்குட்டியின் எடையில் பெரும்பங்கு கடைசி ஆறேழு வாரத்தில் கூடுகிறது. மெரினோவில் விரிவாக ஆராய்ந்து கண்டது இது: முதல்நிலை ரோமக் கால்கள் கருவின் அறுபதாம் நாள் வாக்கிலும், நெருக்கமான இரண்டாம்நிலைக் கால்கள் தொண்ணூறாம் நாள் முதலும் உருவாகின்றன. தாய் அந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் குட்டிக்கு வாழ்நாள் முழுவதும் ரோமக் கால்கள் குறைவு. பிறந்தபின் என்ன ஊட்டினாலும் அந்த எண்ணிக்கை திரும்பாது. குட்டிக்கு முதல் இரண்டு, மூன்று மாதம் தாயின் பாலே புரதம். பால் தாயின் தீவனத்திலிருந்து. அசைபோடத் தொடங்கும் குட்டிக்குத் தாய் நுழைய முடியாத தடுப்புக்குள், நூற்றுக்கு இருபது பங்கு புரதமுள்ள கலவையைத் தனியாக வைத்தால் பால் மறக்கும்போது வளர்ச்சி தேங்காது.

சினையின் கடைசி ஆறு வாரம் தாய்க்கு நாளைக்கு 150 கிராம் புண்ணாக்குக் கலவை என்றால் மொத்தம் 6.3 கிலோ. குட்டிக்கு இரண்டு மாதம் சராசரி 100 கிராம் என்றால் 6 கிலோ. இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ சொச்சம். சந்தைக்குப் போகும் வாரத்தில் கிடாவுக்கு வாங்கிக் கொட்டுகிற புண்ணாக்கை இந்தப் பக்கம் திருப்பினாலே தாய்க்கும் குட்டிக்குமான செலவில் ஒரு பகுதிக்கு வழி கிடைத்துவிடும்.